சிவப்பில் 637

போன மாதம் துபாயிலிருந்து ஒரு வாட்ஸ்அப் குரல்செய்தி வந்தது. "அண்ணே, வாப்பாவோட லேப்டாப் ரொம்ப ஸ்லோவாம். ரிஜிஸ்ட்ரி கிளீனர்னு ஒண்ணு பாத்தேன், முப்பது டாலர் சொல்றான். இங்கிருந்தே வாங்கிப் போட்டுவிடவா?"

கேட்டவன் கீழக்கரைப் பையன். அவன் வாப்பா என்னுடைய பழைய வாடிக்கையாளர், நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். விண்டோஸின் உள்குறிப்புகளைத் துடைத்துக் கம்ப்யூட்டரை வேகமாக்குவதாகச் சொல்லும் இதே வகை மென்பொருளை வைத்து அவரிடம்தான் நான் ஒருமுறை வகையாக மாட்டிக்கொண்டேன். பையன் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான், அவனுக்கு அது தெரியாது. 'வேண்டாம்பா, நான் பார்த்துக்கிறேன்' என்று பதில் போட்டுவிட்டேன். ஏன் வேண்டாம் என்று விளக்கப் போனால் என் கடையைப் பற்றியும் கொஞ்சம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். சரி, ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் கடை போட்டது 2008இல். ஜெராக்ஸ், பிரவுசிங், டிக்கெட் பிரிண்ட், அப்புறம் கம்ப்யூட்டர் சர்வீஸ். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார்கள். அவர்கள் முகம் பார்த்துப் பேசுவதற்கென்றே வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். அது மெதுவாகிவிட்டால் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள்.

சர்வீஸில் ஒரு சங்கடம் உண்டு. மெஷினைக் கொண்டுவந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்து நம் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். வைரஸ் ஸ்கேன் போட்டால் மூன்று மணி நேரம் ஆகும். ஸ்டார்ட்அப்பில் தேவையில்லாத நாலு புரோகிராமை நிறுத்தினால் உண்மையிலேயே வேகம் கூடும், ஆனால் பார்ப்பவருக்கு நான் நாலு டிக்கை எடுத்தது மாதிரிதான் தெரியும். நாலு டிக்குக்கு எப்படி இருநூறு ரூபாய் கேட்பது?

ரிஜிஸ்ட்ரி கிளீனர் அந்தச் சங்கடத்தைத் தீர்த்துவைத்தது. ஸ்கேனைத் தட்டியதும் பெட்ரோல் பங்க் மீட்டர் மாதிரி எண் ஓடும். 80, 210, 455. கடைசியில் சிவப்பு எழுத்தில் '637 பிழைகள்' என்பது மாதிரி வந்து நிற்கும். ஸ்டூலில் இருப்பவர் பதறிப் போவார். "இவ்வளவு கோளாறா தம்பி?" நான் ஒன்றும் சொல்லமாட்டேன். சரிசெய் என்ற பொத்தானை அமுக்குவேன். எண் இறங்கி இறங்கிப் பூஜ்யமாகும், திரை பச்சையாகும். இரண்டே நிமிடம். இருநூறு ரூபாயை எடுத்து வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய், "இப்ப நல்லா ஓடுது" என்று போன் வேறு செய்வார்கள்.

உடனே இன்னொரு தடவை ஓட்டினால் நாற்பது பிழை காட்டும். மறுபடி ஓட்டினால் பத்து. புத்தம் புதிதாக விண்டோஸ் போட்ட மெஷினிலேயே நூற்றுச் சொச்சம் காட்டும். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இருநூறு ரூபாய் போயிருக்கும்.

ரிஜிஸ்ட்ரி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் பேரேடு என்று சொல்வேன். எந்தப் புரோகிராம் எங்கே இருக்கிறது, எந்தக் கோப்பை எது திறக்க வேண்டும், திரையின் பின்னணிப் படம் எது, பிரிண்டர் மாதிரிச் சாமான்களை இயக்கும் எந்த டிரைவர் மென்பொருளை எப்போது எழுப்ப வேண்டும் என்று எல்லாவற்றையும் விண்டோஸ் எழுதிவைத்துக்கொள்ளும் இடம் அது. முன்பெல்லாம் ஒவ்வொரு புரோகிராமும் ஐஎன்ஐ என்ற சின்னச் சின்னக் கோப்புகளில் தன் குறிப்பை எழுதி, கண்ட கண்ட இடத்தில் போட்டுவைக்கும். 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் இந்தப் பேரேடு சிறிய அளவில் தொடங்கியது. 1993இன் விண்டோஸ் என்டியிலும், அப்புறம் விண்டோஸ் 95இலும்தான் முழு உருவம் வந்தது. இன்றும் அதே ஏற்பாடுதான். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. முக்கால்வாசி அங்கே இருக்கும். ஆளுக்கொரு ஏடாக மீதி அவரவர் யூசர் ஃபோல்டரில் இருக்கும்.

இந்தப் பேரேட்டில் பழைய வரிகள் தங்கிவிடுவது உண்மை. ஒரு புரோகிராமை நீக்கினாலும் அது எழுதிய குறிப்புகளில் சில அப்படியே கிடக்கும். கிளீனர் 'பிழை' என்று எண்ணிக் காட்டுவது பெரும்பாலும் இவற்றைத்தான். பிழை என்ற சொல்தான் அங்கே பெரிய பித்தலாட்டம். காக்காவின் கணக்கு நோட்டில், சங்கு குளிப்பதை விட்டுவிட்டு சவூதிக்குப் போய்விட்ட ஒருவர் பெயர் இருக்கிறது என்றால் அது பிழையா? பற்று வரவு முடிந்த பக்கம், அவ்வளவுதான்.

காக்காவுக்குத் தொழில் சங்கு. கீழக்கரையிலும் சுற்று ஊர்களிலும் குளிப்பவர்களிடம் வாங்கி, அளவு பார்த்துப் பிரித்து, மூட்டை கட்டி, கொல்கத்தா பக்கம் அனுப்புவார். அங்கே அறுத்து வளையல் செய்வார்கள். கல்யாணமான வங்காளப் பெண்கள் போடும் வெள்ளை வளையல் அது. ராமேஸ்வரம் கடைகளுக்குச் சிப்பிச் சாமான்கள் கொடுப்பது அவருக்குப் பக்க வியாபாரம்.

அவருடைய கணக்கு மென்பொருளை மதுரையில் ஒருவர் தனியாக எழுதிக் கொடுத்திருந்தார். பழைய விஷுவல் பேசிக்கில் எழுதியது. அந்தப் புரோகிராம் மொத்தத்தையும் காக்கா ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில்தான் வைத்திருப்பார். ராத்திரி கடை சாத்தும்போது அதைக் கழற்றி, ஒரு மஞ்சள் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார். கணக்கு கடையில் தூங்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

2012இல் ஒரு நாள் சாயங்காலம் அவர் கடைப் பையன் சிபியுவைக் கொண்டுவந்து வைத்தான். "ஸ்லோவா இருக்காம், சுத்தம் பண்ணச் சொன்னாங்க." வழக்கம்போல ஓட்டினேன். இந்தத் தடவைதான் 637. சரிசெய்வதற்கு முன்னால், 'மாற்றங்களுக்கு பேக்கப் எடுக்கவா?' என்று அது கேட்டது. அதற்கு அரை நிமிடம் பிடிக்கும். வேண்டாம் என்று தட்டினேன். பச்சை வந்தது. பையன் தூக்கிக்கொண்டு போனான்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குக் காக்காவே கடைக்கு வந்தார். கணக்கைத் திறந்தால் 'ரன்-டைம் எரர் 429' என்று வந்து மூடிக்கொள்கிறதாம். வாசலில் மூட்டை ஏற்றிய லாரி நிற்கிறது, பில் அடிக்க முடியவில்லை. அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம். "தம்பி, நேத்து வரைக்கும் ஓடுச்சு. நீங்க சுத்தம் பண்ணுனீங்க. இன்னைக்கு ஓடலை" என்று மட்டும் சொன்னார். இதைவிடச் சரியாக அந்தக் கோளாறை நான் இன்றுவரை யாரிடமும் விளக்கியதில்லை.

நடந்தது இதுதான். அந்தக் கணக்குப் புரோகிராம் அறிக்கை காட்டவும் பில் அச்சடிக்கவும் ஒன்பது சின்னக் கோப்புகளை நம்பியிருந்தது. அந்தக் கோப்புகள் இ டிரைவில், அதாவது அந்த மஞ்சள் பை ஹார்ட் டிஸ்க்கில், இன்ன இடத்தில் இருக்கின்றன என்று ரிஜிஸ்ட்ரியில் எழுதியிருந்தது. என் கடைக்கு சிபியு மட்டும்தான் வந்தது. கிளீனர் ஒவ்வொரு வரியாகப் படித்து, சொன்ன இடத்தில் கோப்பு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தது. இ டிரைவே இல்லை. 'இல்லாத கோப்பைச் சுட்டும் பிழை' என்று ஒன்பதையும் அழித்துவிட்டது. வெளியூர் போயிருக்கும் ஆளின் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஆளே இல்லை என்று ரேஷன் கார்டை ரத்து செய்கிற கதைதான்.

இதில் கிளீனரை முட்டாள் என்று திட்டிப் பயனில்லை. அதனால் அவ்வளவுதான் முடியும். ஒரு வரி செத்ததா, தூங்குகிறதா என்று அந்த வரியை எழுதிய புரோகிராமுக்குத்தான் தெரியும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். பென் டிரைவ், நெட்வொர்க் டிரைவ், வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் சொருகும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என்று தூங்கும் வரிகள் எத்தனையோ இருக்கின்றன.

மெஷினைப் பழைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரெஸ்டோர் போடலாம் என்று பார்த்தேன். இடம் மிச்சமாகட்டும் என்று அதை அணைத்துவைத்திருந்த மகானுபாவனும் நான்தான். மதுரைக்குப் போன் போட்டேன். மனிதர் மதியம் வரை எடுக்கவில்லை. அதற்குள் காக்கா கார்பன் தாள் வைத்துக் கையாலேயே பில் எழுதி லாரியை அனுப்பிவிட்டார். மூன்று மணிக்குப் போனில் கிடைத்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ரெஜ்எஸ்விஆர்32 போட்டு ஒன்பதையும் மறுபடி ரிஜிஸ்டர் பண்ணிருங்க" என்றார். அழிந்த வரிகளை மறுபடி எழுதவைக்கும் விண்டோஸ் கட்டளை அது. பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்துக்காக ஒரு பகல் போயிற்று.

சாயங்காலம் காசு வாங்காமல் மெஷினைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காக்கா கிட்டங்கியில் சிப்பி கழுவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் கலந்த ஆசிட் தொட்டியில் கூடையோடு இறக்கி, எண்ணித் தூக்கி, நல்ல தண்ணீரில் அலசுகிறார்கள். மேலே ஒட்டிய அழுக்கெல்லாம் நுரைத்துப் போகிறது. ஒரு சிப்பியை எடுத்து என் கையில் கொடுத்தார். மினுமினுப்பே இல்லாமல், சுவரிலிருந்து பெயர்த்த சுண்ணாம்பு மாதிரி இருந்தது. "புதுப் பையன், கொஞ்சம் கூட நேரம் விட்டுட்டான். அழுக்கும் ஓடுதான், சிப்பியும் ஓடுதான், ஆசிட்டுக்கு வித்தியாசம் தெரியாதுல்ல" என்றார். என்னைக் குத்திச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். அந்தச் சிப்பி என் மேஜை டிராயரில் இருக்கிறது.

அதற்கப்புறம்தான் உருப்படியாகச் சோதித்துப் பார்த்தேன். மழை நாள், கடையில் ஆளில்லை. என்னிடம் இருந்ததிலேயே மோசமான மெஷினை எடுத்து, ஆன் செய்ததிலிருந்து டெஸ்க்டாப் வந்து பிரவுசர் திறக்கும்வரை வாட்சில் நேரம் பார்த்தேன், ஐந்து தடவை. பிறகு ரிஜிஸ்ட்ரியைத் துடைத்துவிட்டு இன்னும் ஐந்து தடவை. இரண்டு மூன்று விநாடி முன்னே பின்னே இருந்தது. துடைத்த பிறகு ஒரு தடவை கூடுதலாகவே எடுத்தது.

ஏன் என்று படித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. ரிஜிஸ்ட்ரியை விண்டோஸ் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பதே இல்லை. உள்ளே பெயர்கள் வரிசைப்படுத்தி இருக்கின்றன. அகராதியில் சொல் தேடுகிற மாதிரி நடுவில் திறந்து, முன்னாலா பின்னாலா என்று பார்த்து, பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போகும். இரண்டாயிரம் பெயரில் ஒன்றைத் தேட அதிகபட்சம் பதினொரு தடவை பார்த்தால் போதும். ஆயிரம் பெயரை அழித்துவிட்டால்? பத்துத் தடவை. ஒரே ஒரு தடவை மிச்சம். அளவிலும் பெரிய லாபமில்லை. ஒரு வரிக்கு இருநூறு பைட் என்று தாராளமாக வைத்தாலும் 637 வரி ஒன்றேகால் லட்சம் பைட். காலையில் வரும் 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூப் படமே அவ்வளவு இருக்கும். பல லட்சம் வரிகள் உள்ள பேரேட்டில் அறுநூறை எடுத்தாலும் கோப்பு உடனே சுருங்குவதும் கிடையாது, உள்ளே ஓட்டை விழுந்த மாதிரி காலி இடம்தான் மிஞ்சும்.

அப்படியென்றால் ரிஜிஸ்ட்ரியில் கை வைப்பதால் பயனே இல்லையா என்றால், உண்டு. 2009, 2010 வாக்கில் பென் டிரைவ் வைரஸ் எங்கள் ஊரை ஆட்டிப் படைத்தது. ஆன்ட்டிவைரஸ் வைரஸ் கோப்பை அழித்துவிடும், ஆனால் அதைக் காலையில் எழுப்பச் சொல்லும் வரி ரிஜிஸ்ட்ரியில் அப்படியே இருக்கும். ஆன் செய்யும்போதெல்லாம் 'இன்ன கோப்பைக் காணோம்' என்று பெட்டி வரும். இதைவிட மோசமானது, லாகின் ஆனதும் எதை எழுப்ப வேண்டும் என்று சொல்லும் யூசர்இனிட் என்ற வரியை வைரஸ் தன் பெயருக்கு மாற்றியிருக்கும். கோப்பு போய் வரி மட்டும் நின்றால், லாகின் செய்த மறு விநாடி அதுவே லாக்ஆஃப் ஆகிவிடும். திரும்ப லாகின், திரும்ப லாக்ஆஃப். அந்த ஒரு வரியைத் திருத்தினால் மெஷின் பிழைத்துக்கொள்ளும். நானே பல மெஷின்களுக்குச் செய்திருக்கிறேன். ஆனால் அது முள் எடுப்பது. குத்திய இடம் தெரியும், எடுக்க வேண்டிய முள்ளும் தெரியும். அதற்கு, ஆன் செய்ததும் எழும் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் காட்டும் ஆட்டோரன்ஸ் போன்ற இலவசக் கருவி போதும். அதில் டிக்கை எடுத்துவிட்டு இரண்டு நாள் பார்க்கலாம், கோளாறானால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். கிளீனரோ குத்திய முள்ளும் தெரியாமல் உடம்பு முழுக்கச் சுரண்டுகிறது.

மைக்ரோசாஃப்ட்டே 1990களில் ரெக்கிளீன் என்று ஒரு கருவியை வெளியிட்டு, அப்புறம் விலக்கிக்கொண்டது. இப்போது அவர்களுடைய உதவிப் பக்கத்தில், இந்த மாதிரி மென்பொருள்களை நாங்கள் ஆதரிப்பதில்லை, இவற்றால் வரும் கோளாறுக்கு நாங்கள் பொறுப்பில்லை, சில சமயம் விண்டோஸையே மறுபடி நிறுவ வேண்டிவரும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். 2018 மார்ச் 1 முதல், இலவசமாக ஸ்கேன் செய்து பயமுறுத்திவிட்டுக் காசு கேட்கும் மென்பொருளை வேண்டாத மென்பொருள் என்றே விண்டோஸின் சொந்த ஆன்ட்டிவைரஸான டிஃபெண்டர் வகைப்படுத்தித் தூக்கியெறிகிறது.

நல்ல பெயர் வாங்கியவைக்கும் ஆபத்து உண்டு. சிகிளீனர் என்ற துப்புரவு மென்பொருள் இல்லாத சர்வீஸ் கடை அப்போது கிடையாது. 2017 ஆகஸ்ட் 15 அன்று வெளியான அதன் 5.33 பதிப்புக்குள், தயாரித்தவர்களுக்கே தெரியாமல் யாரோ விஷம் கலந்திருந்தார்கள். ஒரு மாதம் வரை கண்டுபிடிக்கவில்லை. ஏறத்தாழ 22 லட்சத்து 70 ஆயிரம் பேர் மெஷினில் அது உட்கார்ந்திருந்தது. தலைமைச் செயலகச் சாவிக்கொத்தைத் துப்புரவுக்காரரிடம் கொடுத்துவைக்கிறோம், அந்தக் கொத்தை அவரிடமிருந்து ஒருவன் நகல் எடுத்துக்கொண்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் என்னை உறுத்தியது 2019இல் படித்த செய்திதான். அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ என்ற பெரிய கடைச் சங்கிலியும் அதற்கு மென்பொருள் கொடுத்த சப்போர்ட்.காம் நிறுவனமும் சேர்ந்து 35 மில்லியன் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. அங்கே நடந்ததாக அரசுத் தரப்பு சொன்னது இது: ஸ்கேன் தொடங்கும்போது வாடிக்கையாளரிடம் நாலு கேள்வி கேட்பார்கள். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதா என்பது போல. ஒன்றுக்காவது ஆம் என்றால் போதும், ஸ்கேன் என்ன கண்டதோ இல்லையோ, தீய மென்பொருளின் அறிகுறி இருக்கிறது என்று முடிவு வரும். மெதுவாக இல்லாவிட்டால் கடைக்கு யார் கொண்டுவரப் போகிறார்கள்? அவர்கள் செய்ததும் நான் ஸ்டூல்காரருக்குக் காட்டியதும் ஒரே வித்தைதான். அவர்கள் டாலரில் செய்தார்கள்.

எங்கள் கரையில் கம்ப்யூட்டர் மெதுவாவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. உப்பு. சமையல் உப்பே காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாக நீர்த்துவிடும். கடல் உப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைடு அதைவிடப் பேராசைக்காரன், பாதிகூட இல்லாத ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். ராத்திரி கடல் காற்று ஃபேன் வழியாக உள்ளே போகிறது, தூசியோடு சேர்ந்து பிசின் மாதிரி படிகிறது. கடலில்லாத ஊரில் ஊதித் தள்ளினால் போகிற தூசி இங்கே ஒட்டிக்கொள்ளும். காற்று போகாமல் சிப் சூடாகும், சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ராம் கார்டைக் கழற்றினால் தங்கப் பூச்சு வரிசையில் மங்கலாக ஒரு படலம் இருக்கும். பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் தேய்த்துச் சொருகினால் பாதி மெஷின்கள் எழுந்து நிற்கும். பாம்பனில் 1914இல் திறந்த ரயில் பாலத்துக்கு எத்தனை வருஷம் சுரண்டிச் சுரண்டிப் பெயின்ட் அடித்தார்கள். கடைசியில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் புதுப் பாலத்தைத் திறந்தார்கள். அவ்வளவு பெரிய இரும்புக்கே அந்தக் கதி என்றால் மடியில் வைக்கிற லேப்டாப் எம்மாத்திரம்?

பையனுக்குக் கொடுத்த வாக்குப்படி காக்கா வீட்டுக்குப் போனேன். பழைய சுழல் டிஸ்க் உள்ள லேப்டாப். ஆன் செய்தால் விசிறி அலறியது. அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றி, திண்ணையில் தினசரிப் பேப்பரை விரித்துவைத்தேன். விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசி பாய் மாதிரி நெய்திருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தேன், கிழியாமல் முழுசாக வந்தது, ஒரு விரல் நீளம். பிரஷ் போட்டுத் தேய்த்தேன். சிப்புக்கு மேல் காய்ந்து போயிருந்த பேஸ்ட்டைத் துடைத்துப் புதுசு தடவினேன். டிஸ்க்கை எடுத்துவிட்டுச் சுழலாத, வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்டேன், அதற்கான காசைப் பையன் அனுப்பியிருந்தான், ஏறக்குறைய அவன் சொன்ன முப்பது டாலர்தான் ஆயிற்று. ஸ்டார்ட்அப்பில் நாலு டிக்கை எடுத்தேன்.

காக்கா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் முன்பைவிடப் பல மடங்கு சீக்கிரம் எழுந்ததை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை. பேப்பரில் கிடந்த தூசிப் பாயைக் குனிந்து பார்த்தார்.

"இம்புட்டா இருந்துச்சு?"

"ஆமா காக்கா."

"அன்னைக்கு ஒரு நம்பர் காட்டுனீங்களே, அதெல்லாம் இதுதானா?"

அறுநூற்று முப்பத்தேழு என்று அவர் கடைப் பையன் போய்ச் சொல்லியிருப்பான் போல. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் செல்போனை எடுத்து அந்தத் தூசியை இரண்டு கோணத்தில் படம் பிடித்துத் துபாய்க்கு அனுப்பிவிட்டார். கூலி எவ்வளவு என்று பேரம் பேசாமல் கொடுத்தார். திருகுகளைப் பூட்டி முடிப்பதற்குள் பையனிடமிருந்து கட்டைவிரல் வந்துவிட்டது.